அக்காவின் பகல் ஷிப்டுக்கு ஓர் ஆதாரம்

1

"சட்டம் படிக்கறதெல்லாம் சரிங்க அம்மணி. அங்க போயி கிதாபு படிச்சுட்டு, இங்க யாரு ஊட்டு வழக்கைத் தீர்த்து வெக்கப் போறீங்க?"

ஆறு வருடங்களுக்கு முன் நான் மலேசியாவுக்குக் கிளம்பிய நாளில் பெரிய மச்சான் கேட்ட கேள்வி இது. பெரிய மச்சான் என்றால் என் அக்கா கணவரின் அண்ணன். திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம். எங்கள் ஊர்க்காரர்கள் குத்தினாலும் 'ங்க' போட்டுத்தான் குத்துவார்கள். அதனால் குத்துப்பட்டது தெரியவே கொஞ்ச நேரம் ஆகும். எனக்கு விமானத்தில் ஏறி பெல்ட் போட்ட பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்துகொண்டே இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் சட்டம் முடித்துவிட்டுத்தான் வந்தேன். என் கணவர் இங்கே ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு பார்க்கிறார். ஷா ஆலமில் எங்கள் வீடு, பதினோராவது மாடி. பகலில் நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் உதவியாளர். வாரத்தில் மூன்று நாள் மாலை இஸ்லாமியச் சட்டத்தில் முதுகலை வகுப்பு. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் அத்தாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் போனது எனக்குச் சேர்க்கைப் படிவத்தில் கைநாட்டு வைப்பதற்கு மட்டும். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். மறைக்கவில்லை.

இந்த வாரம் பல்கலைக்கழகத்தில் ஒரு படிவம் கொடுத்தேன். ஆய்வுத் தலைப்பை மாற்றுவதற்கான படிவம். "மாற்றத்துக்கான காரணம்" என்று கேட்டு இரண்டே வரி இடம் விட்டிருந்தார்கள். அந்த இரண்டு வரியில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

2

என் அக்கா ரஹ்மத் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு நின்றாள். அத்தாவுக்கு நெஞ்சில் பஞ்சுத் தூசி சேர்ந்து இருமல் விடாத காலம் அது. வீட்டில் ஒரு ஆள் வேலைக்குப் போக வேண்டும், ஒரு ஆள் பள்ளிக்கூடம் போகலாம் என்ற நிலை வந்தபோது அவள் போனது பனியன் கம்பெனிக்கு. நான் அப்போது தொட்டிலில்.

முதலில் தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டினாள். பிறகு தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை செய்தாள். பதினெட்டு வயதில் செக்கிங் மேசைக்கு வந்தாள். அங்கேயே இருபது வருடம். திருப்பூரில் பிறக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: தைத்து முடிந்த பனியனை ட்யூப் லைட்டுக்குக் கீழே விரித்து, உள்ளே கையை விட்டு, கழுத்து, தோள், பக்கத் தையல், அடி மடிப்பு என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் தென்பட்டால் அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். பிறகு திருப்பிப் போட்டு உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அக்கா கை வைத்து அனுப்பிய பீஸ் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசர் சொல்லுவார்.

என் வீட்டுப்பாடத்தையும் அவள் அப்படித்தான் பார்ப்பாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் அடித்தல் திருத்தல் எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் அவசரப்பட்டு எழுதியிருக்கிறேன் என்று கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். நோட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வகுப்பில் டீச்சர், "இது என்னடி உன் நோட்டுல அம்பு?" என்று கேட்டு எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. இப்போது அந்த நோட்டுகளில் ஒன்றுகூடக் கையில் இல்லையே என்று இருக்கிறது.

அவளுக்கு ஒரே பெண், ஷிபானா. நான் சொல்லப் போகும் விஷயம் நடந்தபோது அவள் பதினோராம் வகுப்பு.

3

சென்ற வருடம் மச்சான், அக்காவின் கணவர், இறந்துபோனார். சிறுநீரகக் கோளாறு. இரண்டு வருடம் இழுத்து, ஒரு வியாழக்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுகை நேரத்தில் முடிந்துவிட்டது.

நான் போகவில்லை. போக முடியவில்லை. எங்கள் தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பதற்காகப் பாஸ்போர்ட்டுகள் குடிநுழைவு அலுவலகத்தில் இருந்தன. வரிசைச் சீட்டு எடுத்து, ஐந்து வயது மகள் சாராவை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாளிடம் எனக்குத் தெரிந்த மலாயில், "என் அக்கா கணவர் மாத்தி" என்றேன். அந்த அம்மாள் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "மெனிங்கால், பூவான்" என்றார். மாத்தி என்பது ஆடு மாடு செத்தால் சொல்வது. மனிதர்களுக்கு மெனிங்கால். மச்சானின் மரணத்தைப் பற்றி இந்த நாட்டில் நான் சொன்ன முதல் வாக்கியமே மரியாதை தப்பியது. அதற்காகத்தான் அழுதேனா, அவர் இறந்ததற்காக அழுதேனா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மாள் தன்னால் ஆனதைச் செய்தார். ஆனாலும் கோப்பு வேறு கட்டடத்தில் இருந்தது. பாஸ்போர்ட் வர மூன்று வாரம் ஆனது.

அதற்குள் அக்கா இத்தாவில் உட்கார்ந்துவிட்டாள். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதம் பத்து நாள் காத்திருப்பது இத்தா. திருப்பூர் நல்லூரில் அவர்கள் இருப்பது ஒரு ஹாலும் சமையலறையும் கொண்ட லைன் வீடு. ஹாலின் நடுவே போர்வையைத் திரையாகக் கட்டினார்கள். ஜன்னலுக்குத் துணி. அக்காவுக்கு வெள்ளைச் சேலை. வாசலுக்கு வரக் கூடாது, அக்கம்பக்கத்து மாசமான பெண்கள் கண்ணில் படக் கூடாது, கண்ணாடி பார்க்கக் கூடாது என்று மாமி, அதாவது அக்காவின் மாமியார், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மாமி கெட்டவர் இல்லை. மகனைப் பறிகொடுத்தவர். மருமகளை நான்கு பேர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு.

கம்பெனியில் சூப்பர்வைசர் ஒரு மாதம் வரை மேசையை அவளுக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் முடியாது, ஏற்றுமதி ஆர்டர் நிற்காது என்றார். அப்போது பெரிய மச்சான் ஒரு வழி சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"அதுவரைக்கும் ஷிபானா போயி அம்மா மேசையில நிக்கட்டுமுங்க. நாலு மாசம்தானே. அப்பறமா வேணும்னா படிச்சுக்கலாம்."

அப்புறமாகப் படிப்பது என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் அக்காவுக்கும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

4

என் மனம் அப்போது எப்படி ஓடியது என்று சொல்லிவிடுகிறேன். இஸ்லாமியச் சட்டத்தின் மூலங்கள் நான்கு. எங்கள் முதல் நாள் வகுப்பே அதுதான். முதலாவது குர்ஆன். அடுத்து நபிகள் நாயகத்தின் சொல்லும் செயலும், அதை நமக்குக் கொண்டுவரும் ஹதீஸ்கள். அடுத்து, அறிஞர்கள் எல்லோரும் ஒரே முடிவில் நின்ற இஜ்மா. கடைசியாக கியாஸ்: சொல்லப்படாத ஒன்றுக்கு, சொல்லப்பட்ட ஒன்றின் காரணத்தைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பைக் கண்டடைவது. இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இப்போது என் அக்கா போர்வைத் திரைக்குப் பின்னால் இருக்கிறாள். இதைப் பயன்படுத்தாமல் எப்போது பயன்படுத்துவது?

குர்ஆனில் நான்கு மாதம் பத்து நாள் காத்திருக்கச் சொல்லியிருக்கிறது. போர்வையைப் பற்றி ஒன்றும் இல்லை, மாசமான பெண்களைப் பற்றி ஒன்றும் இல்லை. ஹதீஸ் நூல்களுக்குப் போனேன். ஒரே பிற்பகலில் கிடைத்துவிட்டது. ஒரு நபித்தோழரின் சின்னம்மா இத்தாவில் இருக்கும்போது தன் தோட்டத்துப் பேரீச்சம் குலைகளை அறுக்கக் கிளம்பினார். வெளியே போகலாமா என்று ஒருவர் கண்டித்தார். அந்தப் பெண் நேராக நபிகளிடம் போய்க் கேட்டார். போய் அறுத்துக்கொள், அதிலிருந்து நீ தர்மம் செய்யலாம், ஒரு நல்லது நடக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. இதைவிட வேறென்ன வேண்டும்? பன்னிரண்டு நிமிடக் குரல் பதிவு ஒன்று செய்து அக்காவுக்கு அனுப்பினேன். அதில் என் குரல் கொஞ்சம் மேடைப் பேச்சுப் போலத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அக்கா வீடியோவில் வந்தாள். சாரா முதலில் ஓடிப்போய் போனைப் பிடுங்கிக்கொண்டு, "மாக் லோங்! மாக் லோங்!" என்றாள். இங்கே பள்ளியில் பிள்ளைகள் பெரியம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"அது என்ன கண்ணு, புது பிராண்டு பேராட்ட இருக்குது?" என்று அக்கா சிரித்தாள். மச்சான் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "பெரியம்மான்னு கூப்புடு சாமி."

"பெரிம்மா," என்றாள் சாரா. பிறகு மலாயில் என்னமோ நீளமாகச் சொல்லிவிட்டு ஓடிப்போனாள். அக்கா என்னைப் பார்த்தாள்.

"என்ன சொல்லிட்டுப் போறா?"

"நீங்க எதுக்கு வெள்ளையா உடுத்தியிருக்கீங்கன்னு கேக்கறாங்க்கா."

அக்கா வெள்ளை முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். "உன் பேச்சை ரெண்டு வாட்டி கேட்டேன்," என்றாள். "நல்லாத்தான் பேசியிருக்கற. ஒண்ணு மட்டும் கேக்கறேன், கோவிச்சுக்காத. அந்தப் பேரீச்சை அறுக்கப் போன அம்மா, அவங்க புருஷன் மவுத்தாப் போயிட்டாரா, இல்ல தலாக் ஆயிருச்சா? இத்தா இத்தான்னு மட்டும் சொன்ன. எந்த இத்தான்னு நீ சொல்லவே இல்லையே."

எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"தலாக்குங்க்கா."

"அப்ப அது எனக்கு வெட்டுன துணி இல்லையே கண்ணு."

எனக்குத் தெரியாமல் இல்லை. நூலில் அந்தச் சொல் தெளிவாக இருந்தது. அவசரத்தில் அதைத் தாண்டிப் போனேன் என்று சொல்லலாம். உண்மையில் தாண்டிப் போகவே விரும்பினேன். தலாக்கின் இத்தா வேறு, மரணத்தின் இத்தா வேறு. காலமே வேறு, சட்டமும் வேறு. சட்டம் படித்த நான் அந்த ஓட்டையின் மேல் கையை வைத்து மறைத்துப் பீஸை அனுப்பியிருக்கிறேன்.

"பெரிய மச்சான் மொதல்ல இதைத்தான் புடிப்பாரு," என்றாள் அக்கா. "அப்பறம் நீ எதைச் சொன்னாலும் காதுல போட்டுக்க மாட்டாரு. போகக் கூடாதுன்னு சொல்ற ஹதீஸு எதுவுமே இல்லையா?"

"ஒண்ணு இருக்குதுங்க்கா."

"அதை ஏன் சொல்லல? ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துட்டு பீஸைப் பாஸ் பண்ண முடியுமா? திருப்பிப் போட்டுப் பாரு."

போனை வைப்பதற்கு முன் அவளாகவே யோசித்தபடி இன்னொன்றும் சொன்னாள்.

"தலாக்குன்னா, இத்தா முடியற வரைக்கும் அவங்களுக்குச் சோறு போடறது அந்தாளு கடமைதானே. எனக்கு யாரு இருக்கா? அதையும் பாரு."

5

ஒரு வாரம் மதிய இடைவேளைகள் எல்லாம் அதற்கே போயின. முதலில் எதிரான ஹதீஸைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கணவன் கொல்லப்பட்ட ஒரு பெண், தன் பிறந்த வீட்டுக்குப் போய்விடலாமா என்று நபிகளிடம் கேட்கிறார். காலம் முடியும்வரை அந்த வீட்டிலேயே இரு என்று பதில் கிடைக்கிறது. இதை வைத்துத்தான் வாசல் தாண்டக் கூடாது என்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் கேட்டது குடி மாறிப் போவதைப் பற்றி. பகலில் போய் இரவு திரும்புவதைப் பற்றி அல்ல.

அடுத்து என் இன்னொரு தவறு தெரிந்தது. இங்கே மலேசியாவில் எல்லோரும் ஷாஃபி மத்ஹபு, அதாவது ஷாஃபி என்ற சட்ட மரபு. என் பாடப்புத்தகங்களும் அதுவே. நல்லூர் பள்ளிவாசல் ஹனஃபி என்ற இன்னொரு மரபு. எங்கள் வீட்டுச் சட்டத்தை நான் பக்கத்து வீட்டுப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பின் பெண் விரிவுரையாளர் நூலகத்தில் ஹனஃபி நூல்கள் இருக்கும் அலமாரியைக் காட்டி, "முதலில் இதைப் படித்திருக்க வேண்டும், இல்லையா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே அது இருந்தது. நேராக இருந்தது. கணவனை இழந்தவள் பகலில் வெளியே போகலாம். இரவு தங்குவது தன் வீட்டில் இருக்க வேண்டும். காரணமும் பக்கத்திலேயே: தலாக்கான பெண்ணின் செலவு கணவன் பொறுப்பு, ஆகவே அவள் வெளியே போகத் தேவையில்லை. விதவைக்கு அந்தச் செலவைத் தர யாரும் இல்லை, அவள் தன் பிழைப்பைத் தேட வேண்டும்.

எனக்கு யாரு இருக்கா என்று அக்கா கேட்டாளே, அதேதான். நூற்றாண்டுகளுக்கு முந்தைய பெரிய அறிஞர்கள் அரபியில் எழுதி வைத்த காரணத்தை, ஐந்தாம் வகுப்போடு நின்றவள் போனை வைப்பதற்கு முன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நூலகத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த பையன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

பாஸ்போர்ட் வந்திருந்தது. ஆனால் விடுப்பும் டிக்கெட்டும் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் அக்காவின் ஒரு மாதம் முடிந்துவிடும். ஒரு ஞாயிறு பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லோரையும் போனில் சேர்த்தோம். அங்கே ஹாலில் பெரிய மச்சானும் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்தும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மாமி கட்டிலில். திரைக்கு அந்தப் பக்கம் அக்கா. போனை ஸ்பீக்கரில் போட்டு ஷிபானா கையில் பிடித்திருந்தாள். அவள் கை மாற்றி மாற்றிப் பிடித்ததில் கூரை விசிறி என் போனில் ஆடிக்கொண்டே இருந்தது.

அக்கா சொன்ன வரிசையிலேயே சொன்னேன். எதிரானது முதலில். பேரீச்சை ஹதீஸைச் சொல்லி, இது தலாக்கான பெண்ணுக்கு வந்தது, இதை நான் ஆதாரமாக வைக்கவில்லை என்றேன். பிறகு ஹனஃபி நூலில் இருந்தது, காரணத்தோடு. மேடைக் குரல் வரவில்லை. கொஞ்சம் தடுமாறினேன்.

ஹஜ்ரத்துக்கு முப்பது வயது இருக்கும். நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.

"சரிங்க. இதுதான் எங்க மத்ஹபுல இருக்கறது. மதரஸாவுல அஞ்சாம் வருசத்துலயே ஓதியிருக்கறமுங்க," என்றார்.

பெரிய மச்சான் அவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்பறம் ஏனுங்க ஹஜ்ரத் அன்னைக்கே சொல்லல?"

"யாரும் கேக்கலீங்களே. நீங்க வந்து, இத்தா எத்தனை நாளுன்னு கேட்டீங்க. நாலு மாசம் பத்து நாளுன்னு சொன்னேன். வேலைக்குப் போலாமான்னு நீங்க கேக்கலையே."

அந்தக் கேள்வி அக்காவிடம்தான் இருந்தது. அவள் திரைக்குப் பின்னால். ஹஜ்ரத் பள்ளிவாசலில். நடுவில் போய் வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்களுக்குத் தோன்றியதைக் கேட்டார்கள். நான்கு மூலங்களையும் மனப்பாடமாகச் சொல்லும் எனக்கும், கேள்வி அங்கே போய்ச் சேர்வதற்கு ஒரு பாதை வேண்டும் என்பது அதுவரை தோன்றவில்லை.

"சரி, போகட்டும்," என்றார் மாமி கட்டிலிலிருந்து. "ஆனா அந்த நீலக் கோட்டைப் போட்டுட்டா போறது? இத்தாவுல கலருத் துணியா?" செக்கிங் பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேல் கம்பெனி கொடுத்த நீலக் கட்டம் போட்ட கோட்டைத்தான் போட வேண்டும்.

"வேலைக் கோட்டு அலங்காரத்துல வராதுங்கம்மா," என்றார் ஹஜ்ரத். "ஹதீஸுல சாயம் போட்ட துணி வேண்டாமுன்னு இருக்குது, நெசம்தான். அதுலயும் அஸ்புன்னு ஒரு யமன் துணிக்கு விலக்கு இருக்குதுங்க."

அதன் விளக்கம் என் குறிப்பேட்டில் இருந்தது. படித்துக் காட்டினேன்: நூலைக் கட்டி முதலில் சாயம் ஏற்றி, பிறகு நெய்யும் துணி.

திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அப்ப அது யார்ன் டையிங்க."

"என்னங்கம்மா?" என்றார் ஹஜ்ரத்.

"நூல்லயே சாயம் ஏத்திட்டு அப்பறமா நெய்யறதுங்க. நெய்ஞ்ச துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பறது வேறங்க. மேல பிரிண்ட் அடிச்சா உள்பக்கம் வெளுப்பாத் தெரியும். எங்க கம்பெனிக் கோட்டு கட்டம் போட்டது, யார்ன் டைதானுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஷிபானா, அந்தக் கோட்டை எடுத்து ஹஜ்ரத்துக்குக் காட்டு."

போன் பாயில் சாய்த்து வைக்கப்பட்டது. நான் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"இத்தனை வருசமா அந்தச் சொல்லுக்கு ஒரு துணின்னு அர்த்தம் சொல்லித் தாண்டிப் போயிட்டே இருந்திருக்கறனுங்க," என்றார் ஹஜ்ரத். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது.

அதன் பிறகு ஷிப்ட் பற்றிய பேச்சு. எட்டரையிலிருந்து ஐந்தரை ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை வரை நின்றால் ஒன்றரை. ஒன்றரை நிற்கலாமா என்று அக்கா கேட்டாள். படுப்பது வீட்டில் என்றால் தவறில்லை, ஆனாலும் இத்தா முடியும்வரை பொழுது சாயும் மஃரிபு தொழுகைக்கு வீடு வந்துவிடுங்கள் என்றார் ஹஜ்ரத். ஒரு ஷிப்ட் என்று முடிவானது. பெரிய மச்சான் தொண்டையைச் செருமினார்.

"பஸ்ஸுல வேண்டாமுங்க. இடிபட்டுட்டுப் போகணும். கடைக்குப் போற வழிதானே, காத்தால ஆட்டோ சொல்லி உடறேன். சாயந்திரமும் அதே ஆட்டோ வரும்." பிறகு போனைக் கையில் எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல், "புள்ள படிக்கட்டுமுங்க," என்றார்.

மாமி, பெரிய மச்சான், ஹஜ்ரத், அக்கா நான்கு பேரும் ஒரே முடிவில் நின்றதை இஜ்மா என்று சொன்னால் என் பேராசிரியர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் ஓர் ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.

6

இது நடந்து ஒரு வருடம். அக்கா அதே மேசையில் இருக்கிறாள். இப்போது ஒன்றரை ஷிப்டும் நிற்கிறாள். ஷிபானா பன்னிரண்டாம் வகுப்பு. என்னைப் போல் சட்டம் வேண்டாமாம், ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கப் போகிறாளாம். சொல்லும்போது கோட்டு விஷயத்தைத்தான் காரணம் காட்டுகிறாள். லைன் வீடுகளில் இருந்து மூன்று பெண்கள் இதுவரை அக்காவிடம் கேள்விகள் கொடுத்திருக்கிறார்கள். அவள் எனக்குச் சொல்ல, நான் தேடிப் பார்த்து ஹஜ்ரத்திடம் கேட்க, பதில் அவள் வழியாகத் திரும்புகிறது. ஒருத்திக்கு அவள் விரும்பிய பதில் கிடைக்கவில்லை. அதையும் அப்படியே சொன்னோம்.

ரம்ஜான் பெருநாளுக்குப் போயிருந்தபோது பெரிய மச்சான் கடைக்கும் போனேன். டீ வரவழைத்தார். "அம்மணி அடுத்தது என்னங்க, ஜமாஅத்துத் தலைவர் ஆயிருவீங்களா?" என்றார். "உங்க சப்போர்ட் இருந்தா நின்னு பார்க்கறனுங்க," என்றேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். அவரும்தான். சாராவுக்கு ஒரு டஜன் பனியன் கட்டிக் கொடுத்தார். அவள் அவரைப் பார்த்து, "தெரிமா காசே," என்றாள். நன்றி என்று நான் மொழிபெயர்த்தேன். "அதை நம்ம பாசையில சொன்னா இன்னொரு டஜன்," என்றார். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "நன்றிங்க" என்றாள். அந்த 'ங்க'வை எங்கிருந்து பிடித்தாள் என்று தெரியவில்லை. நான் சொல்லித் தரவில்லை.

என் பழைய ஆய்வுத் தலைப்பு, சட்ட மூலங்களின் படிநிலை பற்றியது. நான்கையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும் நல்ல, பத்திரமான தலைப்பு. புதிய தலைப்பு, உழைக்கும் விதவையின் இத்தாவைப் பற்றியும், அவள் கேள்வி அந்த மூலங்களிடம் போய்ச் சேரும் வழியைப் பற்றியும். பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்த பெண் படிவத்தை இரண்டு முறை திருப்பிக் கொடுத்தார். முதல் முறை முத்திரை இல்லை. இரண்டாம் முறை நீல மையில் எழுதியிருந்தேன், கறுப்பில் வேண்டுமாம். மூன்றாம் முறை கறுப்பில், "களத்திலிருந்து வந்த ஒரு கேள்வி" என்று காரணம் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்.

அனுமதி வருவதற்குக் காத்திருக்கவில்லை. முதல் அத்தியாயத்தை எழுதிவிட்டேன். அதைத் தமிழில் சொல்லிச் சொல்லி நேற்று பிற்பகல் முழுவதும் குரலாகப் பதிவு செய்து, சிறு சிறு துண்டுகளாக அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். அவள் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் தாள் இருக்கும். எந்தத் துண்டில் எத்தனையாவது நிமிடத்தில் ஓட்டை இருக்கிறதோ, அதை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் அம்பு ஒட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.